பாதையின் முடிவும் பயணத்தின் முடிவும்



“சாரே, இந்த வண்டி பாறசாலையில நிக்குமா?”

திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்து நடைமேடையில், ஒரு மாலை வேளையில், மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. வண்டியின் நெற்றியில் அது சென்று சேரும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அப்பெயரை அவர் நம்மிடம் கேட்கவில்லை. வண்டி எங்கே போய் முடிகிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தம் ஊரில் அது நிற்குமா, நிற்காதா என்பது ஒன்றே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இக்கேள்வியை நாம் நெடுநாள் மனத்தில் வைத்திருந்தோம். அதற்குக் காரணமும் உண்டு. நாள்தோறும் காலையில் புறநகரிலிருந்து நகருக்கு வந்து, மாலையில் வீடு திரும்பும் மக்களுக்குப் புகைவண்டிப் பாதையின் கடைசி நிலையம் எது? தண்டவாளம் முடிகிற இடமா? வண்டி திரும்புகிற இடமா? அன்றி, அவர்கள் இறங்கிக் காலாற நடந்து வீடு சேர்கிற இடமா? கேரள மாநிலத்தின் தென்கோடி நிலையமாகிய பாறசாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதனை இங்கே சற்று விளக்க முற்படுகின்றோம்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசு அலுவலகமொன்றில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கி நாட்களைக் கழிப்பவர் நாம். ஒருநாள் ‘டெர்மினஸ்’ என்னும் சொல் நம் மேசைக்கு வந்தது. கடைநிலையம் என்று எழுதலாமா, இறுதி நிலையம் என்று எழுதலாமா, முனையம் என்று எழுதலாமா என்று எண்ணிக்கொண்டே அகராதியைப் புரட்டினோம். அங்கே கண்ட செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. அச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு எல்லைக்கல் என்பது பொருள். பண்டைய ரோமானியர் எல்லைக்கல்லைத் தெய்வமாகவே போற்றினர். ஆண்டுதோறும் பிப்ரவரி 23-ஆம் நாள், அடுத்தடுத்த நிலங்களுக்கு உரியவர்கள் தத்தம் பக்கத்திலிருந்து வந்து அக்கல்லுக்கு மாலை சூட்டிப் படையல் இட்டுக் கூடி உண்டனர். பிரிக்கும் கல்லே அண்டை வீட்டாரைக் கூட்டியும் வைத்தது.

நம் தமிழிலோ முனையம் என்னும் சொல் முனை என்பதிலிருந்து பிறந்தது. குமரிமுனை என்று சொல்லும்போது நிலம் முடிந்து கடல் தொடங்குவதை உணர்கிறோம். ஆக, இலத்தீன் சொல்லில் எல்லை இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் முடிவு இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப் பாதையில் இவ்விரண்டும் தனித்தனியே இருப்பதைக் காணலாம். பாறசாலையில் எல்லை உண்டு, பாதை முடியவில்லை. கன்னியாகுமரியில் பாதை முடிகிறது. ஆயின் அங்கு மாநில எல்லை எதுவும் இல்லை.

பாதையின் முடிவு என்பது என்றும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. பம்பாயில் வாழும் நம்மவர்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பயணி வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடித் தாணாவில் நின்றது. அன்று தாணாதான் கடைசி நிலையம். அடுத்த ஆண்டே பாதை கல்யாணுக்கு நீண்டது. இன்று தாணா, நடுவழியில் நெரிசல் மிகுந்த ஒரு நிலையம். மேற்கு வழியில் 1936-இல் மின்வண்டி விராருக்கு வந்தது. விரார் வண்டி என்றால் நெரிசல் என்று பொருள்படும் அளவுக்கு அவ்வூர் நெடுங்காலம் புறநகர்ப் பாதையின் முனையமாக விளங்கியது. 2013-இல் புறநகர் வண்டிகள் டகாணு வரை நீட்டப்பட்டன. முடிவு முன்னோக்கி நகர்வது போலவே பின்வாங்குவதும் உண்டு. தெற்குக் கோடியில் இருந்த கொலாபா நிலையம் 1930-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட, அதற்கு முந்திய சர்ச்கேட் முனையமாயிற்று.

சென்னையிலும் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. தாம்பரம் அன்று ஊருக்கு வெளியே ஒரு சிற்றூர். கடைசி நிலையமாக இருந்த பேற்றினால் அது பெருநகரின் ஓர் அங்கமாக வளர்ந்தது. முனையம் என்றால் அது வளரத்தான் வேண்டும் என்ற நியதியும் இல்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல், இராமேசுவரத் தீவின் கோடியில் இருந்த தனுஷ்கோடி நிலையத்தையும், அதை நோக்கி வந்துகொண்டிருந்த பயணி வண்டியையும், அதிலிருந்த உயிர்களையும் கடலுக்கு இரையாக்கியது. அதன்பின் அப்பாதை இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது.

இனித் தெற்கே வருவோம். பழைய திருவிதாங்கூர் அரசில் இருப்புப் பாதை வந்த வரலாறு, முடிவு நகர்ந்து வந்த வரலாறே ஆகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து வந்த மீட்டர் அகலப் பாதை 1904-இல் கொல்லத்தை அடைந்தது. அன்று கடைசி நிலையம் கொல்லம். தலைநகராகிய திருவனந்தபுரத்துக்குச் செல்வோர் அங்கே இறங்கி நீர்வழியையோ நிலவழியையோ நாட வேண்டியிருந்தது. 1918-இல் பாதை திருவனந்தபுரத்தின் புறத்தே, கடலை அடுத்த சாக்கை வரை வந்து நின்றது. ஊருக்கு வெளியே நின்ற அந்தப் பாதை 1931-ஆம் ஆண்டு நவம்பரில் தம்பானூருக்குள் நுழைந்தது. இன்று நாம் காணும் அழகிய கல் கட்டடம் அக்காலத்தது. சென்னையில் தாம்பரத்துக்கு மின்வண்டி ஓடிய அதே ஆண்டில் தம்பானூரும் ஒரு முனையமாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதன்பின் 48 ஆண்டுகள் பாதை அங்கேயே நின்றது. தெற்கே ஓர் அடியும் நீளவில்லை.

தெற்கே போக்குவரத்து இல்லாமையால் பாதை நீளவில்லை என்று கருதிவிடலாகாது. திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரம் தெற்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் என்று செல்லும் நெடுஞ்சாலை அந்நாட்டின் முதுகெலும்பு போன்றது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்துகொண்ட தடம் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரித் தடமே.

அச்சாலையின் இருமருங்கும் தமிழும் மலையாளமும் கலந்தே வாழ்ந்தன. திருவனந்தபுரத்திலிருந்து சிறிது தொலைவில் பலராமபுரம் இருக்கிறது. அங்கே இன்றும் தறி நெய்யும் சாலியர் குடும்பங்கள், தென்தமிழ்ப் பகுதிகளிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் பலராமவர்மர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கேரளத்துப் பெண்டிர் விழா நாட்களில் உடுக்கும் கசவுக் கரையிட்ட வெண்புடவையில் தமிழ் நெசவாளரின் கைவண்ணமும் கலந்திருக்கிறது. மனோன்மணீயம் என்னும் நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்துக் கல்லூரியிலே தத்துவம் கற்பித்தவர். தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அந்நகரில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். கல்விக்கும் அலுவலுக்கும் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் தெற்கே உள்ளோர் தலைநகருக்குப் போய்வருவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். புகைவண்டி வருவதற்கு முன்னரே அப்பயணம் இருந்தது.

பின்னர் எல்லை வந்தது. தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சியில், 1954-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இவ்வாறாகப் பாறசாலை கேரளத்தின் தென்கோடியாகவும், அதனை அடுத்த களியக்காவிளை தமிழகத்தின் வாயிலாகவும் அமைந்தன.

கோடு வரைபடத்தில் நேராக விழுந்தது. குடும்பங்களின் ஊடே நேராக விழவில்லை. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலும் இருக்க நேர்ந்தது. தமிழ் பேசும் குடும்பங்கள் அப்பால் இருந்தன. மலையாளம் பேசும் குடும்பங்கள் இப்பால் இருந்தன. சந்தைக்குப் போகும் வழி மட்டும் மாறவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கு மீன் வாங்க இருபுறத்தாரும் முன்போலவே சென்றனர்.

எல்லை வகுத்து 23 ஆண்டுகள் சென்ற பிறகே இருப்புப் பாதை வந்தது. 1972-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் இதற்கு அடிக்கல் நாட்டினார். இதற்கிடையே எர்ணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை இருந்த மீட்டர் பாதை 1976-இல் அகலப் பாதையாகியது. 1979-ஆம் ஆண்டு ஏப்ரலில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்த காலத்தில், திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 87 கிலோமீட்டர் நீளமுள்ள அகலப் பாதை திறக்கப்பட்டது. 1981-இல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் பாதை இணைந்தது. அரை நூற்றாண்டுக் காலம் முடிவாக இருந்த தம்பானூர், ஒரே நாளில் இடைநிலையமாயிற்று.

இப்பாதையில் தெற்கே செல்வோர் நேமம், பலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் ஆகிய நிலையங்களைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் பாறசாலையை அடைகின்றனர். நேமம் நிலையத்துக்கு 2024-இல் திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் சூட்டப்பட்டது. பாறசாலைக்கு அப்பால் குழித்துறை மேற்கு, குழித்துறை, பள்ளியாடி, இரணியல் என்று தமிழக நிலையங்கள் தொடர்கின்றன. மலையாளத்தில் முழுக் கேரளத்தையும் குறிப்பதற்குப் பாறசாலை முதல் மஞ்சேஸ்வரம் வரை என்று சொல்வது மரபு. நம் முன்னோர் வேங்கடத்தையும் குமரியையும் சொல்லித் தமிழகத்தின் எல்லையைக் காட்டியது போன்றதே இது. ஒரு சிறிய நிலையம் ஒரு நாட்டின் அளவுகோலாக நிற்கிறது.

முனையத்துக்கும் வழிநிலையத்துக்கும் அமைப்பிலே பெரிய வேறுபாடு உண்டு. கன்னியாகுமரி போன்ற முனையத்தில் தண்டவாளங்கள் ஒரு தடுப்பில் முட்டி நிற்கும். வந்த வண்டி முன்னே செல்ல வழியில்லை. ஆதலின் இழுத்து வந்த எஞ்சினைக் கழற்றி, வேறு தடத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டுவந்து மறுகோடியில் பூட்டவேண்டும். பெட்டிகளைக் கழுவவும், நீர் நிரப்பவும், அடிப்பகுதியைச் சோதிக்கவும் தனித் தடங்கள் தேவை. குறுந்தொலைவு வண்டிகளுக்கு இத்தொல்லை குறைவு. மெமு என்று மக்கள் வழங்கும் மின்தொடர் வண்டிகளில் இரு கோடியிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இறங்கி மறுகோடிக்கு நடந்து சென்று ஏறினால் போதும், வால் தலையாகிவிடும். புறநகர்ப் போக்குவரத்தில் இத்தகைய வண்டிகளை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாறசாலையில் வண்டி திரும்புவதில்லை, கடந்து செல்கிறது. எனினும் அங்கு மற்றொரு வேலை நடைபெறுகிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமாயின், இணைத்தடம் உள்ள ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். விரைவு வண்டிக்கு முன்னுரிமை உண்டு. ஆகையால் பெரும்பாலும் ஒதுங்குவது பாசஞ்சர் வண்டியே. நாளும் பயணம் செய்வோர் பொறுமையைக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் இந்த இணைத்தடம் எனலாம். விரைவு வண்டி காற்றாய்ப் பறந்து மறையும் வரை நாம் சாளரத்தருகே அமர்ந்து வாழைத் தோப்பையும் ரப்பர் மரங்களையும் பார்த்துக்கொண்டிருப்போம். அமரவிளை, குழித்துறை மேற்கு போன்ற சிறு நிறுத்தங்களில் இணைத்தடமும் இல்லை. நடைமேடையும் பயணச்சீட்டு கொடுக்கும் சிறு அறையுமே உண்டு. இத்தடத்தை இரட்டைப் பாதையாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டுப் பகுதி பகுதியாக நிறைவேறி வருகிறது. அது முற்றுப்பெறும் நாளில் ஒதுங்கி நிற்கும் நேரம் பெரிதும் குறையும்.

திருவனந்தபுரத்துக்குச் சென்னையைப் போன்றோ பம்பாயைப் போன்றோ தனிப் புறநகர்ப் பாதை கிடையாது. நெடுந்தொலைவு வண்டிகள் ஓடும் அதே தண்டவாளத்தில்தான் அலுவலகம் செல்வோரின் வண்டியும் ஓடுகிறது. என்றாலும் காலையிலும் மாலையிலும் நடக்கும் காட்சி புறநகர்க் காட்சியே. சீசன் டிக்கெட் வைத்திருப்போர் தினமும் அதே பெட்டியில், அதே மூலையில் ஏறுகின்றனர். குறித்த இரண்டு நிலையங்களுக்கு இடையே, 150 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுக்கு, மாதக்கணக்கில் வழங்கப்படும் இந்தச் சீட்டு நாட்சீட்டைக் காட்டிலும் மிகவும் மலிவானது. நகரில் வாடகை கொடுத்து வாழ இயலாத குமாஸ்தாவும், கடைச் சிப்பந்தியும், செவிலியும், கல்லூரி மாணவரும் தம் ஊரிலே தம் பெற்றோருடன் வாழ்ந்துகொண்டு நகரில் பிழைக்க இச்சீட்டே வகைசெய்கிறது. பம்பாயிலோ தில்லியிலோ தனியறை எடுத்து வாழும் அன்பர்கள் இதன் அருமையை நன்கு உணர்வார்கள்.

இனி, அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். அவர் அலுவலகம் செல்பவர் அல்லர். அவருடைய மகளுக்குத் திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. 1981-இல் தோன்றிய அந்நிலையத்தைத் தென் தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் பெருவாரியாக நாடி வருகின்றனர். இவ்வகைச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் சில வாரங்கள் தொடர வேண்டும். நகரில் தங்க வசதியில்லாதவர்கள் நாள்தோறும் வந்து திரும்ப வேண்டும்.

“போன செவ்வாக்கிழம தெரியாம வேற வண்டியில ஏறிட்டோம், சாரே. அது பாறசாலையில நிக்காம பறந்துட்டு. குழித்துறையில எறங்கி, பஸ் பிடிச்சு, திரும்ப வந்தோம். பிள்ளைக்கு அன்னைக்கு நிக்கவே முடியல்ல” என்றார்.

அவர் சொன்னதில் முறையீடு இல்லை. நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் ஒரு மாநிலத்தில் மருத்துவம் பெற்று, இரண்டாவது மாநிலத்தில் இறங்கி, மீண்டும் முதல் மாநிலத்துக்கு வந்து வீட்டில் படுத்தாள். அவளுக்கு எல்லை ஒரு தடையாக இருக்கவில்லை; நிற்காத வண்டியே தடையாக இருந்தது. நாம் எழுந்து சென்று அறிவிப்புப் பலகையைப் பார்த்து வந்து, “நிற்கும் அம்மா, ஏறுங்கள்” என்றோம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார்.

பாசஞ்சர் வண்டி என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். மெதுவாகச் செல்வது, எல்லா இடத்திலும் நிற்பது, நாகரிகமற்றது என்று எண்ணுவோரும் உளர். எல்லா இடத்திலும் நிற்பதே அதன் பெருமை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டு நாடெங்கும் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டபோது இவ்வுண்மை விளங்கியது. அன்று ஒவ்வொரு நிலையமும் கடைசி நிலையமாயிற்று. நெடுந்தொலைவு வண்டிகள் முதலில் திரும்பி வந்தன. குறுந்தொலைவு வண்டிகளும் சீசன் டிக்கெட்டும் 2021-இல்தான் படிப்படியாக வந்தன. வந்தபோது அவ்வண்டிகள் விரைவு வண்டிக் கட்டணத்தில் ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இருபது ரூபாய் வேறுபாடு பெரிதா என்று வினவலாம். நாளுக்கு இருமுறை, நோயாளியும் துணையுமாக இருவர் செல்லும்போது அது நாளொன்றுக்கு 80 ரூபாய். கூலி வேலை செய்யும் வீட்டில் அது ஒருவேளைச் சமையல்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற விரும்புகிறோம். நம் தொழில் அதுவன்றோ? புகைவண்டி நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் முதலில் வட்டார மொழியும், அடுத்து இந்தியும், பின்னர் ஆங்கிலமும் எழுதப்படுவது விதி. ஆகவே பாறசாலையில் முதல் இடம் மலையாளத்துக்கும், எல்லை கடந்து குழித்துறையில் முதல் இடம் தமிழுக்கும் அமைகின்றது. சில நிமிட ஓட்டத்தில் முதல் வரி மாறிவிடுகிறது. அதே வேளையில், இரண்டு நிலையங்களும் ஒரே திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தவை. 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அமைந்த அக்கோட்டத்தின் ஆட்சியில் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அடங்கும். மாநிலத்தின் எல்லை வேறு, ரயில்வேயின் எல்லை வேறு.

எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழ் மக்களின் மொழி என்னவாயிற்று? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்திலுள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதலாம் என்று இடமளித்திருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவைக்கிறது. உள்ளே நுழைய வேண்டியவர் நாமே. எல்லைச் சிற்றூர்களில் வீட்டிலே தமிழ் பேசி, பள்ளியிலே மலையாளம் படித்து, தமிழ் எழுத்தை அறியாமல் வளரும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். நம் பெட்டியில் வரும் கல்லூரி மாணவியொருத்தி தன் பாட்டிக்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட வேண்டும் என்பதற்காக, வண்டி ஒதுங்கி நிற்கும் நேரங்களில் நம்மிடம் தமிழ் எழுத்துக் கற்றாள். ஒற்றைப் பாதையின் தாமதத்தால் விளைந்த நன்மை இது. தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் அன்பர்களுக்கும் இதே கவலை உண்டு என்பதை அறிவோம். உங்கள் பிள்ளைகளுக்கும் தமிழ் பேச்சில் இருந்து எழுத்தில் இல்லாமற் போகக்கூடும். ரயிலில் செல்லும் அரைமணி நேரம் அதற்குப் போதும் என்பதை அந்த மாணவி நமக்குக் காட்டினாள்.

கன்னியாகுமரியில் தடுப்பில் முட்டி நிற்கும் தண்டவாளத்தைப் பார்த்தால், இத்துடன் பாதை முடிந்தது என்று தோன்றும். அதே இடத்திலிருந்துதான் 2011 முதல் அசாமிலுள்ள திப்ருகருக்கு விவேக் விரைவு வண்டி புறப்படுகிறது; ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது; இந்நாட்டின் மிக நீண்ட பயணம் அதுவே. வெளிமாநிலங்களில் வாழும் உங்களில் பலர் இத்தகைய வண்டியொன்றில் ஏறித்தான் ஊரை விட்டுச் சென்றிருப்பீர்கள். ஒருவருக்கு முடிவாக இருப்பது மற்றொருவருக்குத் தொடக்கமாக இருக்கிறது.

ஆண்டுக்கொருமுறை நீங்கள் விடுமுறைக்குத் திரும்பி வரும்போது, வண்டி பாறசாலையில் நிற்கக்கூடும், நிற்காமலும் போகலாம். நின்றால் சாளரத்தின் வழியே சற்றுப் பாருங்கள். சாக்குப்பையும் தூக்குப்பாத்திரமுமாக இறங்குவோரையும், புத்தகச் சுமையுடன் ஏறுவோரையும் காண்பீர்கள். அவர்களுள் யார் எம்மாநிலத்தார், யாருடைய தாய்மொழி எது என்று பார்த்த மாத்திரத்தில் உங்களால் சொல்ல இயலாது. எல்லைக்கல்லுக்கு இருபுறத்திலிருந்தும் மாலை கொண்டுவந்த பண்டைய மக்களைப் போல, இருபுறத்தாரும் வந்து கூடும் இடமாக அந்த நடைமேடை இருக்கிறது.

அன்று மாலை வண்டி பாறசாலையில் நின்றது. தாயும் மகளும் இறங்கினர். மகள் நடைமேடையிலிருந்த பலகையில் சிறிது நேரம் அமர்ந்தாள்; பின்னர் எழுந்து தாயின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தாள். வண்டி எல்லையை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு அப்பால் இன்னும் 57 கிலோமீட்டர் பாதை இருந்தது. அவ்விருவருக்கும் அன்றைய பாதை அங்கே முடிந்துவிட்டது. முடிய வேண்டிய இடத்திலேயே முடிந்தது.